இல்லாத ஒயர்

ஏனுங்க அம்மிணி, மடியில வெச்சிருக்கறது கம்ப்யூட்டருங்களா?

அதான் கேட்டேன். பை தட்டையாத்தான் இருக்குது, ஆனா நீங்க பிடிச்சிருக்கற பிடியைப் பாத்தா நோட்டுப் புத்தகம் மாதிரித் தெரியல. ஐயோ, பாப்பா, விடு, விடு, அது அத்தை காதுல மாட்டற ஒயரு, அதைப் போயி வாயில வெக்கற. கோவிச்சுக்காதீங்க அம்மிணி. ஒயரைக் கண்டா இவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். எங்க வீட்டுல ஒயருக்குப் பஞ்சமே இல்ல. இவங்கப்பா மைக்செட்காரரு. கவுந்தப்பாடியில எறங்கி மைக்செட் நல்லசிவம்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க.

நானு அவரு சம்சாரம். கலாமணி.

கோபி போய்ச் சேர இன்னும் அரை மணி நேரம் ஆகும். இந்த பஸ்ஸு நின்னு நின்னுதான் போகும். அதுக்குள்ள உங்ககிட்ட ஒரு விசயம் கேக்கணும். அதுக்கு முன்னாடி கொஞ்சம் சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும். பொறாமைன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. எனக்கு அந்தக் குணமே கெடையாது. எங்க ஓரகத்தி புதுசா கிரைண்டர் வாங்கினப்போ மொத மாவு ஆட்டிக் குடுத்ததே நான்தான். கொஞ்சம் சத்தம் வருதேன்னு சொன்னேன். அது இருந்ததைச் சொன்னது.

நீங்க ஆட்டோ விளம்பரம் கேட்டிருப்பீங்கல்ல? மேல கொழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கிட்டு ஊரு ஊராப் போகுமே. கோயில் நோம்பி, ஜவுளிக்கடை தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், எதுவா இருந்தாலும் அந்தப் பேச்சை எங்க வீட்டுலதான் பதிவு பண்ணுவாரு. பண்ணி, பென்டிரைவுல ஏத்தி, ஆட்டோக்காரர் கையில குடுத்துருவோம். ஆம்பளைக் குரலு அவரு. பொம்பளைக் குரலு நானு. "வாங்க, வாங்க, குடும்பத்தோட வாங்க"ன்னு ஒரு குரல் வருமுங்களே, அது நானுங்க. ஆறு வருசமா இந்தச் சுத்து வட்டாரத்துல பொம்பளைக் குரலுன்னா அது நான்தான்.

சிரிக்காதீங்க. இப்ப பேசுறதை வெச்சுப் பாக்காதீங்க, மைக்குக்கு முன்னாடி வேற.

நான் படிச்சது எங்க ஊரு அரசாங்கப் பள்ளிக்கூடம்தான். பன்னெண்டாவது. மேல படிக்கல. ஆனா எழுதிக் குடுக்கறதைத் தப்பில்லாம வாசிப்பேன். கல்யாணம் ஆகி வந்த புதுசுல மாடிப்படிக்குக் கீழ இருக்கற சந்துல சுத்தியும் பழைய ரஜாயைத் தொங்கவிட்டு, உள்ள ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உக்கார வெச்சாரு. நான் ஒரே கத்து. ஊருக்கே கேக்கணுமில்லன்னு. மாமா, எங்க வீட்டுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவேன், வெளிய இருந்து எட்டிப் பாத்துச் சொன்னாரு, "கலா, ஊரைக் கூப்பிடாத. யாராச்சும் ஒரே ஒரு ஆளைக் கூப்பிடு. கொழாயி மீதியைப் பாத்துக்கும்."

ஒரு ஆளுன்னா யாரை? இந்த மனுசன் கொழாய் கட்ட வேப்பமரத்து மேல ஏறினா எறங்கவே மாட்டாரு. ஒயரைச் சரி பண்றேன், திசையைத் திருப்பறேன்னு மேலயே உக்காந்திருப்பாரு. சோறு ஆறிப் போகும். நான் கீழ நின்னு கூப்பிடுவேன், "வாங்க"ன்னு. அந்த வாங்கதான். அதைத்தான் மைக்குல சொன்னேன். ஜவுளிக்கடைக்கு வாங்கன்னாலும் அதுதான், கும்பாபிசேகத்துக்கு வாங்கன்னாலும் அதுதான். ஊரே அது தன்னைக் கூப்பிடறதா நினைச்சுக்குச்சு. நான் கூப்பிட்டது மரத்து மேல இருக்கற அந்த ஒரு ஆளை. இதை நான் அவருகிட்டச் சொன்னதில்ல. இதையெல்லாம் போயிச் சொல்லுவாங்களா?

இவ பொறந்தா. மைக்கு நின்னு போச்சு.

சந்துக்குள்ள போயிக் கதவைச் சாத்தினாப் போதும், வெளிய இவ ஆரம்பிச்சிருவா. எடுத்து மடியில வெச்சுக்கிட்டுப் பேசினா மைக்கை நக்குறா. மூணு தடவை பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, "நீ கொஞ்ச நாளைக்கு ஓய்வா இரு கலா." அன்பாத்தான் சொன்னாரு. ஆனா பாருங்க அம்மிணி, ஓய்வா இருன்னு சொல்றதும் நீ வேண்டாம்னு சொல்றதும் கேக்கறப்போ ஒரே மாதிரித்தான் இருக்குது.

அப்பத்தான் மிருதுளா வந்தா.

வந்தான்னா வீட்டுக்கு வரல. கோயம்புத்தூர்ல இருக்குது அந்தப் பொண்ணு. இந்தப் பேச்சு வேலைக்குன்னே காலேஜ்ல படிச்சிருக்குதாம். மைக்செட்காரங்க எல்லாம் சேந்து ஒரு வாட்ஸப் குழு வெச்சிருக்காங்க, அதுல யாரோ நம்பர் குடுத்தாங்களாம். போட்டோல பாத்தேன். லட்சணமாத்தான் இருக்கா. மூக்கு கொஞ்சம் நீளம். அது இருந்ததைச் சொல்றேன்.

மொதல்ல என்ன பண்ணினாருன்னா, அந்தப் பொண்ணு போன்ல பேசும், இவரு போனை ஸ்பீக்கர்ல போட்டு மைக்குக்குப் பக்கத்துல வெச்சுப் பதிவு பண்ணுவாரு. எனக்கு எல்லாம் கேக்கும். அந்தப் பொண்ணு என்ன பேசுது, இவரு என்ன சொல்றாரு, எல்லாம். நான் பாட்டுக்கு அடுப்படியில என் வேலையைப் பாப்பேன். என்ன ஆச்சு, ஒரு நாளு கும்பாபிசேக விளம்பரம். ஆட்டோ ஊரைச் சுத்திட்டு வந்ததும் கோயில் கமிட்டித் தலைவரு வாசல்ல வந்து நிக்கறாரு. "ஏப்பா நல்லசிவம், நாலாம் கால யாகசாலை பூஜைன்னு சொன்ன ஒடனே குக்கரு விசிலடிக்குது. பூரணாகுதிக்கு இன்னொரு விசிலு. கலசம் வெக்கறோமா, கடலை வேக வெக்கறோமா?"

வேணும்னு பண்ணல அம்மிணி. சத்தியமா. கடைசி விசிலு மட்டும் வேணும்னா, நான் அடுப்பைக் கொஞ்சம் முன்னாடியே அணைச்சிருக்கலாம். அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் ஈரோட்டுல இருந்து அவரு சிநேகிதரு ஒருத்தரு வந்து கம்ப்யூட்டருல என்னமோ ஏத்திக் குடுத்துட்டுப் போனாரு. அன்னைக்கு மாமாவுக்கு சந்தோசம்னா சந்தோசம். "கலா, இனிமே உன் குக்கரு எத்தனை விசிலு வேணும்னாலும் அடிக்கட்டும். அந்தப் பொண்ணு பேசறது ஒரு அப்ளிகேசன்ல வருது. பதிவாகறது இன்னொரு அப்ளிகேசன்ல. ரெண்டுக்கும் நடுவுல உள்ளுக்குள்ளயே ஒரு ஒயரு போட்டாச்சு. சத்தம் வெளியவே வராது. நேரா இதுல இருந்து அதுக்குப் போயிரும்."

நான் மேசைக்குப் பின்னாடி குனிஞ்சு பாத்தேன். தூசிதான் இருந்துச்சு.

"ஒயரு எங்க மாமா?"

"அது இல்லாத ஒயரு. இருக்கற மாதிரி."

இல்லாத ஒயராம், அதுக்கு ஒரு பேரு வேற வெச்சிருக்காங்க. சத்தம் எது வழியா வரணும்னு கம்ப்யூட்டருல காட்டற பட்டியல்ல மைக்குன்னு ஒண்ணு இருக்கும், ஹெட்போன்னு ஒண்ணு இருக்கும், அதுங்களோட சமமா இதும் உக்காந்திருக்கும். ஆனா எனக்கு ஒடனே வெளங்கிருச்சு. எங்கப்பன் தோட்டத்துல முன்னாடி கிணத்துத் தண்ணி வாய்க்கால்ல ஓடும். போற வழியில நான் கை கழுவுவேன், துணி அலசுவேன், எருமை வாயை வெக்கும். அப்புறம் பைப்பு பொதைச்சாங்க. கிணத்துல மோட்டாரு ஓடுறது கேக்கும், அந்தக் கோடியில மஞ்சக்காட்டுல தண்ணி பாயறது தெரியும், நடுவுல என்ன போகுதுன்னு ஒரு சொட்டு கண்ணுல படாது. அதேதான் இதும். என் வீட்டு நடுவுல ஒரு பைப்பைப் பொதைச்சுட்டாங்க.

இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் உங்களுக்குத் தெரிஞ்சதுதானே? தலையாட்டறீங்க, நல்லது. அப்ப நான் சரியாத்தான் சொல்றேன்.

அன்னையில இருந்து வீடு அமைதியாயிருச்சு. அவரு காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்துக்குவாரு. அந்தப் பொண்ணு பேசறது அவருக்கு மட்டும் கேக்கும். அவரு பேசறது மட்டும் எனக்குக் கேக்கும். பாதிப் பேச்சு. முழுப் பேச்சையும் கேட்டா மனுசி வேலையைப் பாப்பா. பாதி கேட்டா என்ன பண்ணுவா சொல்லுங்க? மீதியைத் தானே போட்டுக்குவா.

நான் கேட்டதைச் சொல்றேன். ஒரு எழுத்து கூட்டிச் சொல்லல.

"ம். இன்னொரு தடவை சொல்லும்மா."

"இல்ல, இல்ல, மேல போயிருது. கீழ எறக்கு."

"அங்க ஒரு சிரிப்பு வருது பாத்தியா? ஒதட்டுல இல்ல. வயித்துக்குள்ள இருந்து."

வயித்துக்குள்ள இருந்து சிரிப்பாம்! என்கிட்ட என்னைக்காச்சும் அப்படிப் பேசியிருக்காரா? உப்பு கம்மின்னுதான் பேசியிருக்காரு. அப்புறம் ஒரு நாளு, நான் துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன், அவரு கண்ணை மூடிக்கிட்டு நாற்காலியில சாஞ்சுக்கிட்டுச் சொல்றாரு, "கேட்டியா? கேட்டியா? அந்த வாங்கவைக் கேட்டியா? இது ஒருத்திக்குத்தான் வரும்மா. லட்சத்துல ஒருத்திக்கு."

யாரு அந்த ஒருத்தி? எதிர்க்க பேசிக்கிட்டு இருக்கறவதானே? நான் மடிச்ச துணியை ஒதறி மறுக்கா மடிச்சேன்.

இதும் பரவாயில்ல. இதைக் கேளுங்க. நான் டீ குடுக்கற சாக்குல பக்கத்துல போயி நின்னு ஸ்க்ரீனைப் பாத்தேன். என் பேரு தெரிஞ்சுது. "கலா பழசு"ன்னு ஒரு ஃபோல்டரு. ஆறு வருசத்து என் குரலு மொத்தமும் அதுல இருக்குது. அதைத் தொறந்து வெச்சு ஒவ்வொண்ணா அந்தப் பொண்ணுக்குப் போட்டுக் காட்டறாரு. இங்க போட்டா நேரா அந்தப் பொண்ணு காதுலதான் கேக்குமாம், வீட்டுக்குள்ள கேக்காதாம். அதுக்கும் ஒரு இல்லாத ஒயரு. என் குரலை என் வீட்டுக்குள்ளயே எனக்குக் கேக்காமப் போடறாரு. போட்டுட்டுச் சிரிக்கறாரு.

எதுக்குப் போடுவாங்க அம்மிணி? பட்டிக்காட்டுக்காரி எப்படி இழுத்து இழுத்துப் பேசியிருக்கா பாருன்னு ரெண்டு பேரும் சேந்து சிரிக்கத்தானே? வேற எதுக்குப் போடுவாங்க? நானும் எல்லா விதமாவும் யோசிச்சுப் பாத்துட்டேன். வேற காரணமே தட்டுப்படல.

ம்? என்ன சொல்ல வந்தீங்க? இருங்க, இருங்க, முழுசா சொல்லி முடிச்சுக்கறேன்.

பாப்பா, அத்தை பொட்டைத் தொடாத.

அப்புறம்தான் கொடுமை. போன மாசம் ஜவுளிக்கடை ஆட்டோ எங்க தெருவுல போச்சு. நான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கேன். "வாங்க, வாங்க"ன்னு வருது. எனக்குக் கையில இருந்து சட்டி நழுவிருச்சு. பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா சொவத்துக்கு மேல எட்டிப் பாத்து, "ஏம் புள்ள, மறுபடியும் மைக்குல பேச ஆரம்பிச்சிட்டியா? சொல்லவே இல்ல?"ன்னு கேக்குது.

"நான் இல்லக்கா. அது கோயம்புத்தூரு."

"போடி, எனக்குத் தெரியாதா உன் வாங்க?"

ஆறு மாசத்துக்கு முன்னாடி அந்தப் பொண்ணு டிவி மாதிரி டக்கு டக்குன்னு பேசிக்கிட்டு இருந்தவ. இப்ப என்னை மாதிரியே இழுக்கறா. "வா"வுல ஒரு எறக்கம், "ங்க"வுல ஒரு தூக்கு. எல்லாம் என்னுது. இன்னும் முழுசா வரல, அது எனக்குத் தெரியும், கடைசியில ஒரு பிசுறு தட்டுது. ஆனா ருக்குமணியக்காவையே ஏமாத்திட்டாளே!

நான் ஓய்வா இருன்னா இருந்துக்குவேன். ஸ்டூலை எடுத்துக்கன்னா குடுத்திருவேன். ரஜாயெல்லாம் தொவைச்சுக் கூடக் குடுப்பேன். ஆனா அந்த வாங்க ஊருக்குச் சொன்னதில்லயே அம்மிணி. அது நான் என் வீட்டுக்காரரைச் சோத்துக்குக் கூப்பிட்டது. அதை இன்னொருத்தி எப்படிச் சொல்லலாம்? அவ சொல்ல, அதை இவரு கண்ணை மூடிக்கிட்டு எப்படிக் கேக்கலாம்?

பொறாமை இல்ல. நியாயம் கேக்கறேன்.

மாமாகிட்ட கேட்டா என்னன்னு உங்க கண்ணு கேக்குது. கேட்டேனே. "அந்தப் பொண்ணு என்னை மாதிரியே பேசுதாமே?"ன்னேன். அவரு ஏதோ பரிச்சையில பாஸான மாதிரி மூஞ்சி மலந்து, "அப்படியா? யாரு சொன்னா? நெசமாவா கலா?"ங்கறாரு.

அதனால நானே பைப்பைத் தோண்டிட்டேன்.

இதுதான் உங்ககிட்ட கேக்க வந்த விசயம். செவ்வாக்கெழமை அந்தப் பொண்ணுக்குப் பதிவு கெடையாது. பேசிப் பழகற நாளாம். அன்னைக்குப் பதிவு பண்ற அப்ளிகேசனை அவரு தொறக்கவே மாட்டாரு. ஆனா ஒயரு என்ன, செவ்வாக்கெழமைன்னா லீவு போட்டுக்குமா? அது எப்பவும் இருக்குது. இல்லாத ஒயரு எப்பவும் இருக்குது! அவரு முகம் கழுவப் போன நேரத்துல நான் போயி அதைத் தொறந்து, செவப்புப் பட்டனை அமுக்கி, ஸ்க்ரீன்ல அவரு கண்ணுல படாம கீழ எறக்கி விட்டுட்டு வந்துட்டேன். ஆறு வருசம் பக்கத்துல உக்காந்து பாத்தவ, இது கூடத் தெரியாதா. அவரு வந்து உக்காந்தாரு, ஹெட்போனை மாட்டினாரு, பேசினாரு, எந்திரிச்சுக் கொழாய் கட்டப் போயிட்டாரு. நான் போயி நிறுத்தினேன். நாப்பத்தி ரெண்டு நிமிசம். அலை ஏறி எறங்கி நிக்குது. எல்லாம் அந்தப் பொண்ணு பேசினது.

அந்தப் பொண்ணு பேசினது மட்டும்தான் அதுல இருக்கும், மாமா பேசினது இருக்காது. அது வேற வழியாப் போகுது. ஆனா மாமா பேசினது எனக்கு மனப்பாடம். கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டிருக்கேன். மீதிப் பாதி இங்க இருக்குது.

இதோ. இந்தப் பென்டிரைவுல.

வீட்டுலயே போட்டுக் கேக்கலாமில்லன்னு நினைப்பீங்க. மூணு தடவை சொருகினேன். மூணு தடவையும் உருவிட்டேன். மொத தடவை இவ அழுதா. ரெண்டாவது தடவை கரண்டு போச்சு. மூணாவது தடவை இவ தூங்கினா, கரண்டும் இருந்துச்சு.

அதான் கோபிக்குக் கெளம்பினேன். அங்க பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கம்ப்யூட்டர் கடை ஒண்ணு இருக்குது. மாமாகிட்ட பாப்பாவுக்கு ஊசின்னு சொன்னேன். பொய் இல்ல, ஊசி இருக்குது, அடுத்த வாரம். ஆனா கடையில நாலு பேரு இருப்பாங்க. தெரிஞ்ச மூஞ்சி கூட இருக்கும். "அட, இது ஆட்டோ விளம்பரத்துல வர்ற அம்மா குரலு மாதிரி இருக்குதே"ன்னு எவனாச்சும் சொன்னா? அந்த அம்மா நான்தான்டான்னு சொல்லவும் முடியாது, இல்லைன்னு சொல்லவும் முடியாது.

நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. என்னை உங்களுக்குத் தெரியாது. அதான் நல்லது.

ஒண்ணே ஒண்ணு இன்னும் சொல்லல. அன்னைக்குப் பேச்சு முடியறப்போ கடைசியா மாமா என்ன சொன்னாருன்னா, கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டு இருந்துட்டு, "ஐயோ, நான் கேக்க மாட்டேன்மா. நான் கேட்டா அழுதாலும் அழுதுருவா. நீயே கேளு. உனக்கு இல்லைன்னு சொல்ல மாட்டா"ன்னாரு. யாரு அழுவா? நான்தான். என்கிட்ட என்னமோ கேக்கணுமாம் அந்தப் பொண்ணுக்கு. நான் அழற மாதிரி ஒண்ணு. என்னவா இருக்கும் சொல்லுங்க? அன்னையில இருந்து ரெண்டு தடவை போன் பண்ணிட்டா. நான் எடுக்கல. எடுத்தாத்தானே கேப்பா. எடுக்காத வரைக்கும் வாங்க என்னுதுதான்.

இதோ பாருங்க. பையில போனு நடுங்குது பாருங்க. பேரைப் படிங்க. மிருதுளா. சொன்னேனில்ல? அடிக்கட்டும். நின்னுரும்.

நின்னுருச்சு.

உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்குது? என்னமோ உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச மாதிரி சிரிப்பை அடக்கறீங்க. எங்க மாமாவும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு இதே மாதிரித்தான் இருப்பாரு. வேண்டாம், சொல்லாதீங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க. கேக்காம சொன்னா அது உங்க பாதி, அவ பாதி இல்ல.

பாலம் வந்துருச்சு, இன்னும் பத்து நிமிசம்தான். அம்மிணி, அதைக் கொஞ்சம் தொறங்க. பென்டிரைவு சொருகற எடம் இருக்குதில்ல? பாப்பா, குடு அதை, இது கடிக்கற சாமான் இல்ல. இந்தாங்க, ஈரமா இருக்குது, தொடைச்சுக்கங்க. மொதல்ல உங்க ஒயரை ரெண்டு காதுலயும் நீங்களே மாட்டிக்கங்க. பேசாம இருக்கற எடம் வந்தா எனக்குக் கை காட்டுங்க, அந்த எடத்துல மாமா என்ன சொன்னாருன்னு நான் சொல்றேன். உங்க மூஞ்சியை நான் பாத்துக்கிட்டே இருக்கேன். கெட்டதா இருந்தா ஒண்ணும் சொல்ல வேண்டாம், உருவி என் கையில குடுத்துருங்க, நான் பேசாம எறங்கிக்கறேன்.

அப்படி இல்லாம இருந்துச்சுன்னா, ஒரு காதை மட்டும் கழட்டி எனக்குக் குடுங்க.